வெள்ளிக்கிழமை உட்காரும் கார்

எங்கள் கார் வெள்ளிக்கிழமைகளில் உட்காரும்.

மற்றவர்களுடைய கார்கள் நிற்கும், ஓடும், நேரம் சரியில்லை என்றால் எதிலாவது மோதும். உட்கார்ந்த கார் எனக்குத் தெரிந்து என்னுடையது ஒன்றுதான். முன்பக்கத்து இடது மூலை மட்டும் மெல்ல மெல்லத் தாழும். டயரின் மேல்பாதி உள்ளே மறைந்து, பம்பர் தரையைத் தொட நாலு விரல் இருக்கும்போது அப்படியே நின்றுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு காலை மடக்கி யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல இருக்கும். நியாயமாக அது மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆள் நான். என் பக்கம் திரும்பி ஒரு நாளும் கேட்டதில்லை.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த சில வருடங்கள் அவை. நான் கல்பாக்கத்தில் உத்தியோகத்தில் இருந்தேன். என்ன உத்தியோகம் என்று சொன்னால்தான் என் கேவலம் முழுசாகப் புரியும். தொட்டிகளுக்குள் திரவம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்து சொல்லும் சென்சார்களைப் பராமரிப்பது. அதாவது உயரம் பார்க்கும் சென்சார்தான் எனக்குச் சோறு போட்டது. அப்பேர்ப்பட்டவனை ஒரு உயரம் பார்க்கும் சென்சார் ஊர் பார்க்கச் சந்தி சிரிக்க வைத்தது.

கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் ஒழுங்காகச் சின்னக் கார் வாங்கினார்கள். எனக்கு மட்டும் புத்தி திருவிடந்தைப் பக்கம் போயிற்று. அங்கே கடற்கரையோரம் பங்களா வைத்திருந்த ஒருவர் வெளிநாட்டோடு போய்விடத் தீர்மானித்து, தன் வெளிநாட்டுக் காரைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தேன். கறுப்பு நிறம், தோல் இருக்கை, கதவைச் சாத்தினால் பெட்டகத்தை மூடுவது போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில்தான் விழுந்தேன். வருடக்கணக்காகக் கடலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்ற வண்டி அது, அடிவயிறு என்ன ஆகியிருக்கும் என்று குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. நாலு முறை கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் மனைவி சிங்கப்பெருமாள் கோயில்காரி. பிறந்த ஊர்ப் பேச்சை விடாதவள். வாசலில் வண்டியைப் பார்த்ததும் கேட்டாள்:

"இன்னாங்க இது, கப்பல் மாதிரி கீது? இத்த எங்க நிறுத்துவீங்க, ஹார்பர்லயா?"

அந்தக் காரில் ஸ்பிரிங் கிடையாது. நாலு மூலையிலும் காற்றுப் பைகள். வண்டி தாழ்ந்தால் ஒரு சின்ன கம்ப்ரெஸர் காற்றை ஏற்றித் தூக்கும், அதிகம் உயர்ந்தால் காற்றை விட்டு இறக்கும். தாழ்ந்ததா உயர்ந்ததா என்று பார்த்துச் சொல்வதற்குச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார். அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கையையும் சக்கரத்தைத் தாங்கும் இரும்பையும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கம்பி இணைக்கும். வண்டி இறங்கினால் கை மேலே போகும், வண்டி ஏறினால் கை கீழே வரும். அவ்வளவுதான் சங்கதி. இதை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி ஆறும்வரை விளக்கினேன். என் அலுவலகத்தில் இதைவிடப் பெரிய தொட்டிகளுக்கே நான்தான் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தையைச் சேர்க்காமல் இருந்திருக்கலாம்.

வாங்கிய மாதமே இடது மூலை சாய்ந்தது. அப்போது அது வெள்ளிக்கிழமை பார்க்கவில்லை, எல்லாக் கிழமையும் சாய்ந்தது. புதுப்பட்டினத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். என் வயதுதான் இருக்கும். மீன்காரர்களின் வேன் முதல் அலுவலகத்துக்காரர்களின் கார் வரை எல்லாம் அவர் கொட்டகைக்குத்தான் வரும். வண்டியைப் பார்த்தவர் முதலில் சுற்றி ஒரு நடை நடந்தார். அப்புறம் என்னைச் சுற்றி ஒரு நடை.

"சார், இத்த வாங்கச் சொன்னது யாரு?"

"நானேதான்."

"அப்ப வேற யாரையும் திட்ட முடியாது. சரி வுடு, பாப்போம்."

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் சென்சார் கடல் காற்றில் வெந்து போயிருந்தது. வயர் சொருகும் இடத்தில் பச்சைக் களிம்பு. கையை அசைத்தால் ஆட்டுக்கல் மாதிரி அரைக்கிறது. மாட்டியிருந்த போல்ட்டைத் திருகப் போனால் போல்ட் வரவில்லை, தலை மட்டும் வந்தது. புது சென்சார் வாங்க வெளிநாட்டுக்கு எழுதிப் போட வேண்டும் என்றார்கள். நானும் மெக்கானிக்கும் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், புதுப்பேட்டையில் உடைத்துப் போட்ட கார்களுக்கு நடுவே ஒரு நாள் முழுக்க அலைந்து ஒன்றைப் பிடித்து வந்தோம். ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தக் காரின் பழுதுபார்ப்புப் புத்தகத்தையும் தேடி அச்செடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது ஜெர்மன் மொழியில் இருந்தது. படங்கள் நன்றாக இருந்தன.

"நீ தள்ளு சார், நான் மாட்டறேன்" என்றார் அவர்.

"இல்லை, சென்சார் என் வேலை" என்றேன் நான்.

மாட்டினேன். இஞ்சினைப் போட்டோம். இடது மூலை எழுந்தது. எழுந்தது, மேலும் எழுந்தது, நிற்காமல் எழுந்தது. கடைசியில் விளக்குக் கம்பத்தைப் பார்த்த நாய் மாதிரி ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது என் வெளிநாட்டுக் கார். வலதுபக்கத்துச் சென்சாரை இடதுபக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கை மட்டும் எதிர்த்திசையில் திரும்பும். வண்டி தாழத் தாழ அது உயர்கிறது என்று சொல்லும், உயர உயரத் தாழ்கிறது என்று சொல்லும். மெக்கானிக் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ சொல்லப் போனார். அது அதைவிட வலித்தது.

மறுபடியும் புதுப்பேட்டை. இடதுபக்கத்துச் சென்சார். களிம்பைப் பெட்ரோலில் பிரஷ் போட்டுக் கழுவி, வயர் சொருகும் இடத்தில் உப்புக் காற்று புகாமல் கிரீஸ் தடவி, கம்பியின் இரண்டு முனைக்கும் எண்ணெய் விட்டு, சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் விளிம்பு வரை டேப்பால் அளந்து நாலு மூலையும் சமமாக்கினோம். கார் கம்பீரமாக நின்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. பெட்ரோல்தான்.

இந்த இடத்தில்தான் ஒரு சமாசாரம் நடந்தது. எந்த வண்டியானாலும் சரி, வேலை முடிந்தால் சூடம் ஏற்றி, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, ஒரு திருஷ்டிக் கயிறு கட்டித்தான் வெளியே அனுப்புவார் அந்த மெக்கானிக். அது அவர் கொட்டகை வழக்கம். கறுப்புச் சாயம் போட்ட தடித்த பருத்திக் கயிறு, நடுவில் ஒரு சோழி. அதை எடுத்துக்கொண்டு முன் பம்பர் பக்கம் போனார்.

"அங்கே வேண்டாம்" என்றேன்.

"ஏன் சார்?"

"எங்க ஆபீஸ்ல எல்லாரும் சயின்ஸ் ஆளுங்க. பார்த்தா சிரிப்பாங்க."

"அப்ப கட்ட வேணாமா?"

அங்கேதான் நான் கொஞ்சம் யோசித்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் கட்டாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்?

"கட்டுங்க. வெளியே தெரியாம, எங்கேயாவது உள்ளே கட்டுங்க."

அவர் வண்டியின் அடியில் கையை விட்டு எங்கோ கட்டிவிட்டு எழுந்தார்.

"சார், ஒண்ணு சொல்றேன் கேளு. இத்த நீ கையால தொடாத. அது கண்ணு வாங்கிகினே இருக்கும். தொட்டா மொத்தமும் உம்மேல ஏறிக்கும். அவுக்கணும்னா நான்தான் அவுப்பேன்."

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை" என்றேன். ஆனால் தொடவில்லை. அந்தப் பக்கம் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலையில் வாசல் கழுவும்போது காரையும் சேர்த்துக் கழுவிவிடுவது வழக்கம். ஹோஸ் பைப்பால் சக்கரத்து இடுக்கெல்லாம் அடித்து, மஞ்சள் குங்குமம் வைப்பாள் மனைவி. அந்த வெள்ளிக்கிழமையும் கழுவி, அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், நிறுத்திவிட்டு உள்ளே போனேன். மதியம் ஒரு நண்பர் வந்து என் மேஜையில் சாய்ந்துகொண்டார்.

"உங்க கார் தொழுகைக்கு உட்கார்ந்திருக்கு. வெள்ளிக்கிழமை இல்லையா?"

போய்ப் பார்த்தேன். இடது மூலை தரையில். சனிக்கிழமை மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனேன். போகும் வழியிலேயே ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி எழுந்துகொண்டது. அவர் வண்டியை வாங்கியதும் முதல் வேலையாக வாயில் ஏதோ முணுமுணுத்தபடி பழைய கயிற்றை அறுத்துத் தூரப் போட்டார். கண்ணு வாங்கிய கயிறு வேலை நடக்கும் இடத்தில் இருக்கக்கூடாதாம். அப்புறம் சென்சாரைக் கழற்றினார், துடைத்தார், அசைத்தார். குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் கம்பியை மாற்றி, கயிற்றைப் புதுசாகக் கட்டி அனுப்பினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை உட்கார்ந்தது.

இப்படிச் சில மாதங்கள் ஓடின. எத்தனை சென்சார் மாற்றினேன் என்று சொல்ல மாட்டேன், என் மனைவி இதைப் படிப்பாள். வயரை மாற்றினோம். காற்றுப் பையைச் சோப்புத் தண்ணீரில் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். சென்னையிலிருந்து மடிக்கணினியோடு ஒருவர் வந்து வண்டிக்குள் வயரைச் சொருகி வெகுநேரம் பார்த்துவிட்டு, "வண்டி ரொம்ப ஆரோக்கியமா இருக்கு சார்" என்று வைத்தியர் மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அன்று புதன்கிழமை. ஆரோக்கியமாகத்தான் இருந்தது.

நான் மெல்ல மெல்லப் பைத்தியமாகிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் அளவுமானியின் முள் கொஞ்சம் ஆடினால்கூடக் காரணம் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். இங்கே ஒரு தீப்பெட்டி என்னை வாரா வாரம் தோற்கடித்தது. சாப்பிடும்போது சாப்பாட்டு மேஜையில் கரண்டியைச் சாய்த்து, தம்ளரை நிறுத்தி, சென்சாரின் கை எப்படித் திரும்பும் என்று செய்து பார்ப்பேன். மனைவி கரண்டியைப் பிடுங்கிக் குழம்பில் போடுவாள்.

"அது வெரதம் இருக்குதுங்க. வெள்ளிக்கெழம ஆச்சின்னா குந்திக்குது. வுடுங்களேன், மனுஷன் இருக்கல?"

"கார் எப்படி விரதம் இருக்கும்?"

"பெட்ரோல் போடாம பாருங்க, தெரியும்."

ஒரு முறை செவ்வாய்க்கிழமை நல்ல மழை. அன்றும் உட்கார்ந்தது. பாருங்கள், துப்பு என் மடியில் வந்து விழுந்திருக்கிறது. "பார்த்தியா, உன் வெள்ளிக்கிழமைக் கணக்கு தப்பு" என்று மனைவியிடம் வெற்றிச் சிரிப்புச் சிரித்தேன். அவள் காலண்டரைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கிக் கிருத்திகை" என்றாள். மழையைப் பற்றி யோசிக்காமல், முருகனைப் பற்றி யோசித்துக்கொண்டு படுத்தேன்.

இந்த நிலைமையில்தான் மச்சினனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மனைவியின் ஒரே தம்பி. நிச்சயதார்த்தத்தன்று வடையும் பாயசமும் உள்ளே போன தைரியத்தில், "மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான்" என்று சொல்லிவிட்டேன். அந்த வண்டியின் வெள்ளிக்கிழமைப் பழக்கம் அங்கே எல்லோருக்கும் தெரியும். மச்சினன்தான் முதலில் பேசினான்.

"மாமா, உன் காரு நடுரோட்ல குந்திக்கிச்சின்னா?"

"குந்தாது. நான் கேரண்டி."

"நீதான் மாமா எனக்கு பயமே."

மாமியார் குறுக்கே வந்தார். "டேய், மாப்ள ஆசையா சொல்றாரு. மாப்ள, ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. ஊர்வலம் கெளம்பிச்சின்னா மண்டபம் வர்ற வரைக்கும் புள்ள கால் தரையில படக்கூடாது. நடுவுல எறங்கினா ஆகாது. பொண்ணு வூட்டுக்காரங்க ஏற்கெனவே ஒரு மாதிரி."

அந்தப் "பொண்ணு வூட்டுக்காரங்க" வேறு வண்டி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். என் பேச்சை நம்பி மாமியார் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தன் மகனைவிட மருமகனை நம்பிய ஒரே மாமியார் செங்கல்பட்டு வட்டாரத்திலேயே அவர்தான். அந்த அம்மாள் சம்பந்தி வீட்டுக்கு முன்னால் தலைகுனியக்கூடாது. அதற்குக் கார் நிமிர்ந்து நின்றாகவேண்டும். எனக்குத் தூக்கம் போயிற்று.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் முழுக்க மெக்கானிக்கின் கொட்டகையிலேயே குடியிருந்தேன். அவரும் சளைக்காமல் எல்லாவற்றையும் மறுபடி கழற்றி மாட்டினார். கடைசியில் சூடம் ஏற்றினார்.

"கல்யாணம் சார். ஊரு கண்ணு பூராவும் இது மேலதான் வுழும். அதனால கயித்த டபுளா போட்டு நல்லா இறுக்கிக் கட்டிகீறேன்."

அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

மாப்பிள்ளை அழைப்பு சாயங்காலம், சிங்கப்பெருமாள் கோயிலில் கோயில் பக்கமிருந்து கிளம்பி, ரயில்வே கேட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்து மண்டபத்துக்கு. மத்தியானம் பூ அலங்காரம் செய்ய வந்தவர் வெயிலில் ரோஜா வாடுகிறது என்று சொம்பு சொம்பாகக் காரின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அன்று வெள்ளிக்கிழமை இல்லை என்பதைக் காலண்டரில் பலமுறை பார்த்து வைத்திருந்தேன்.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே ஓட்டினேன். பக்கத்தில் மனைவி, பின்னால் மச்சினன் மாலையோடு. முன்னால் நாதஸ்வரம், தவில், அப்புறம் பெட்ரோமாக்ஸைக் கைவிட்டு ஜெனரேட்டருக்கு மாறியிருந்த விளக்கு வண்டி. கேட் மூடியிருந்தது. ரயிலுக்காக நின்றோம். பின்னால் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

அப்போது காலுக்குக் கீழே 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். எனக்கு மிகவும் பழக்கமான சத்தம்.

"மாமா" என்றான் மச்சினன் பின்னாலிருந்து. "நான் சாயறேனா, ரோடு சாயுதா?"

ரயில் போயிற்று. கேட் திறந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். டயர் உள்பக்கம் உரசிக் கிறீச்சிட்டது. ஒரு முழம் நகர்ந்து, இடது மூலையைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றது கார். பின்னால் பஸ்கள் எல்லாம் ஹாரனை அழுத்திப் பிடித்தன. ஒரு டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், மாப்ளய ஏத்திகினு போறியா, பொதைக்கப் போறியா? நவுத்துய்யா!"

மச்சினன் கதவுப் பிடியில் கை வைத்தான். எங்கிருந்தோ மாமியாரின் குரல் வந்தது. "எறங்காதடா! கால வெச்ச, தெரியும் சேதி!" கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆரத்தித் தட்டோடு பெண் வீட்டார் காத்திருந்தார்கள். பெண்ணின் சித்தப்பா ஒருவர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டியது விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. மாமியார் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை நான் பார்த்திருக்கக்கூடாது.

இறங்கினேன். மனைவியை ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கச் சொன்னேன். சக்கரம் உரசிக்கொண்டே திரும்பியது. கிடைத்த இடைவெளியில் உள்ளே பார்த்தேன். இருட்டு. ஒரு பெட்டிக்கடைக்காரர் டார்ச் அடித்தார். கயிறு தெரிந்தது. எத்தனையோ மாதங்களாக நான் பார்க்காமலும் தொடாமலும் மரியாதை கொடுத்து வைத்திருந்த கயிறு. அது எங்கே கட்டியிருக்கிறது என்று முதன்முதலாகப் பார்த்தேன். பம்பர் எல்லாம் பிளாஸ்டிக், கட்ட இடமில்லாமல், கைக்கு வாகாக அகப்பட்ட மெல்லிய கம்பியில் கட்டியிருக்கிறார் மனிதர். சென்சாரின் கம்பி. அதையும் பக்கத்து இரும்பையும் சேர்த்து, டபுளாக, இறுக்கி.

பூத் தண்ணீர் கயிற்றிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த பருத்திக் கயிறு என்ன செய்யும்? சுருங்கும். கொடிக்கயிறு கட்டிய எந்த வீட்டிலும் தெரியும். சுருங்கிய கயிறு அந்த பிளாஸ்டிக் கம்பியை வில்லாக வளைத்து, சென்சாரின் கையைக் கீழே இழுத்து வைத்திருந்தது. கை கீழே வந்தால் வண்டி உயர்ந்துவிட்டது என்று அர்த்தம். எனவே கடமை தவறாத என் கார் காற்றை இறக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை கழுவினால் நனையும், சனிக்கிழமை காய்ந்தால் தளரும். கொட்டகைக்குப் போனதும் அவர் முதலில் கயிற்றைத்தான் அறுப்பார், அதனால் அங்கே குறையே தெரியாது. குறை தெரியாததால் இன்னும் இறுக்கமாக ஒரு கயிறு.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பஸ் ஹாரன்களுக்கு நடுவே, ஊர்வலத்தோடு கூடவே வந்த பூ அலங்காரக்காரரிடம் கத்தினேன்: "கத்திரிக்கோல் குடுங்க!"

"அய்யோ, தொடாதீங்க!" என்று கத்தினாள் மனைவி. "உங்க மேல ஏறிக்கும்!"

"இதுக்கு மேல ஏற என்ன இருக்கு?"

வெட்டினேன். கம்பி 'டக்' என்று நிமிர்ந்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கம்ப்ரெஸர் முனக ஆரம்பித்தது. கார் மெதுவாக, மிக மெதுவாக, ரோஜா மாலைகள் ஆட, மச்சினனைச் சுமந்துகொண்டு எழுந்தது. கூட்டம் 'ஓ'வென்றது. என்ன ஏது என்று தெரியாத தவில்காரர் கெட்டி மேளத்தை வாசித்துவிட்டார். யாரோ அட்சதையைக்கூடத் தூவினார்கள். தாலி கட்ட இன்னும் ஒரு ராத்திரி பாக்கி இருந்தது.

கேட்டைத் தாண்டி மண்டப வாசலில் நின்றோம். ஆரத்தித் தட்டுக்கு எதிரே வந்துதான் மச்சினனின் கால் தரையில் பட்டது. பெண்ணின் சித்தப்பா என்னிடம் வந்து, "இன்னா சார், உங்க காரு மண்டி போட்டு மாப்ளைக்குக் கும்புடு போட்டுச்சி! இந்த மாரி நாங்க பாத்ததே இல்ல" என்றார். வெளிநாட்டுக் கார்களில் அப்படி ஒரு வசதி உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மாமியார் என்னை முந்திக்கொண்டு, "ஆமா, அது பட்டனுங்க. எங்க மூத்த மாப்ளதான் வெளிநாட்லேர்ந்து வரவெச்சாரு" என்றார். திருவிடந்தை வெளிநாடு ஆயிற்று. அவர் தலை நிமிர்ந்திருந்தது.

என் நிலைமைதான் மோசம். கையில் இன்னும் அந்த ஈரக் கயிறு இருந்தது. அதைப் பார்த்ததும் மொத்தக் கூட்டமும் நான் பாம்பைப் பிடித்திருப்பது போல விலகி வழிவிட்டது. "மாப்ள, அப்படியே பின்பக்கமா போயி, அத்த தூரப் போட்டுட்டு, தலைக்குக் குளிச்சிட்டு உள்ள வாங்க" என்றார் மாமியார். மண்டபத்தின் பின்னால் பாத்திரம் கழுவும் குழாயடியில் பட்டு வேட்டியோடு குளித்தேன். முதல் பந்தி போய்விட்டது. என் மனைவி துண்டோடு வந்து நின்றாள்.

"பாத்தீங்களா, ஊர் கண்ணு பூராவும் கயிறு வாங்கிக்கிச்சி. இல்லாங்காட்டி தம்பிக்கு ஆயிருக்கும்."

"அந்தக் கயிறுதான் காரணமே!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

மறுநாள் மெக்கானிக் கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்தார். இலையில் உட்கார்ந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்பளத்தை நொறுக்கிய கை அப்படியே நின்றது.

"அப்ப இத்தினி நாளா நான்தான் உனக்குப் பேஜாரு குட்துகினு இருந்தனா?"

"நீங்க கட்டினீங்க. உள்ளே கட்டச் சொன்னது நான்."

சோற்றில் குழி செய்து ரசம் வாங்கிக்கொண்டார். அப்புறம், "நீ பம்பர்லயே கட்ட வுட்டிருந்தா இது ஒண்ணுமே இல்ல சார். சயின்ஸு சயின்ஸுன்னு நீதான் வெக்கப்பட்ட" என்று சொல்லிவிட்டு, பாயசம் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

அதற்கப்புறம் கயிறு வெளியே, முன் நம்பர் பிளேட்டுக்குக் கீழே, சோழியோடு ஊர் பார்க்கத் தொங்கியது. அலுவலகத்தில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை கழுவிவிட்டுப் படியில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன். நிற்கும். எனக்கு அது போதும்.

மாமியார் வீட்டாருக்குத்தான் போதவில்லை. மனைவியின் சித்தி மகனுக்குக் கல்யாணம் வந்தபோது மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான் வேண்டும் என்று வந்து நின்றார்கள். கூடவே ஒரு நிபந்தனை: மண்டப வாசலில் கார் மண்டி போட்டுக் கும்பிட வேண்டும். எது உட்காரக்கூடாது என்று இத்தனை மாதம் உயிரை விட்டேனோ, அதை உட்காரச் சொல்கிறார்கள். "அந்த பட்டன் ரிப்பேர்" என்று சொல்லிப் பார்த்தேன். "பந்தாவப் பாரு" என்றார்கள்.

ஊர்வலம் மண்டப வாசலுக்கு வந்தது. நிறுத்தினேன். 'உஸ்ஸ்' என்றது. இந்த முறை வலது மூலை. அழகாக, நிதானமாக, மண்டி போட்டது. கைதட்டல் காதைப் பிளந்தது. யாரோ விசில் அடித்தார்கள். மாமியார் என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார்.

நான் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டு, அவசரமாக இறங்கி, வலது சக்கரத்து இடுக்கில் கையை விட்டுக் கயிறு தேடினேன். கயிறு இல்லை. பச்சைக் களிம்புதான் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. இடதுபக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் வலதுபக்கத்துச் சென்சாருக்குக் கிரீஸ் தடவ நானும் மறந்தேன், அவரும் மறந்தார்.

செல்போனில் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

"இன்னா சார், இன்னிக்கி வெள்ளிக்கெழமகூட இல்லியே?" என்றார்.

பின்னால் கூட்டம், "எழுப்பு மாமா, எழுப்பு! இன்னொரு வாட்டி!" என்று கத்திக்கொண்டிருந்தது.